அதிக மின்சக்தி ஓடும் சுற்றுகளில் ஆம்பியர் அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மில், ஃபவுண்டரி, அரிசி ஆலை, பம்ப் ஹவுஸ், அடுக்குமாடிக் குடியிருப்பின் மெயின் பேனல் என 415 வோல்ட் மூன்று ஃபேஸ் மின்சாரம் ஓடும் இடங்களில் மின்னோட்டம் அளப்பவர்களுக்காக இந்தப் பதில்களைத் தொகுத்திருக்கிறோம். சோலார், பேட்டரி போன்ற டி.சி. சுற்றுகளும் உண்டு. சார்ஜில் உள்ள (மின்சாரம் இருக்கும்) பேனலைத் திறக்கும் வேலை உரிமம் பெற்ற வயர்மேனுக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் உரியது. அவர்களும் பக்கத்தில் இன்னொரு ஆள் இல்லாமல் திறக்கக் கூடாது.

என் மோட்டார் எடுப்பதே 7 ஆம்பியர்தான். இதற்கு இவ்வளவு எச்சரிக்கை எதற்கு?

லோடு எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்பதை வைத்து ஆபத்தைக் கணக்கிட்டால் ஏமாந்துபோவோம். அந்த இடத்தில் ஷார்ட் ஆனால் டிரான்ஸ்பார்மர் எவ்வளவு தள்ளும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

500 கே.வி.ஏ., 11 கிலோவோல்ட்/433 வோல்ட் டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முழு லோடு மின்னோட்டம் சுமார் 667 ஆம்பியர். இம்பீடன்ஸ் (ஷார்ட் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் உள் எதிர்ப்பு) 4.5 சதவீதம் என்றால், அதன் வாயிலில் மூன்று ஃபேஸும் ஒட்டிக்கொள்ளும்போது 667 ஐ 0.045 ஆல் வகுத்த அளவு, அதாவது ஏறக்குறைய 14,800 ஆம்பியர் பாயும். 5 குதிரைத்திறன் மோட்டாரின் 7.5 ஆம்பியர் வயர் அந்த மெயின் பஸ்பாரிலிருந்து (பேனலில் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் உலோகப் பட்டை) கிளம்பும் இடத்தில் உங்கள் ஸ்க்ரூ டிரைவர் நழுவினால், பாய்வது 7.5 ஆம்பியர் அல்ல, அந்த 14,800 தான். செம்பு ஆவியாகி, காற்றே கடத்தியாகி, ஆர்க் (காற்று வழியே பாயும் மின்தீ) பிடித்துவிடும். பிரேக்கர் ட்ரிப் ஆக எடுக்கும் நொடியின் சிறு பங்குக்குள் முகமும் கையும் வெந்துபோகும். தோலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கலோரி வெப்பம் பட்டாலே இரண்டாம் நிலைத் தீக்காயம் ஆகும் என்பதுதான் ஆர்க் பாதுகாப்புக் கணக்குகளுக்கு அடிப்படை.

அதே மோட்டாரை 80 மீட்டர் தள்ளி, 4 சதுர மில்லிமீட்டர் கேபிளின் மறுமுனையில் அளந்தால் கேபிளின் ரெசிஸ்டன்ஸே ஷார்ட் மின்னோட்டத்தைச் சில நூறு ஆம்பியருக்குள் அடக்கிவிடும். ஷாக் ஆபத்து அங்கேயும் அப்படியேதான் இருக்கும். ஆனால் ஆர்க் வெடிப்பு மிகச் சிறியது. அதனால் ஒரே வயரை இரண்டு இடத்தில் அளக்க முடியும் என்றால், டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளியிருக்கும் இடத்தில் அளங்கள்.

மல்டிமீட்டரில் 10 ஆம்பியர் துளை இருக்கிறதே. அதைச் சீரிஸில் போட்டு அளந்தால் என்ன?

415 வோல்ட் பேனலில் வேண்டவே வேண்டாம்.

ஆம்பியர் துளைக்குள் இருப்பது மிகக் குறைந்த ரெசிஸ்டன்ஸ் உள்ள ஷன்ட். மீட்டரின் பார்வையில் அது ஒரு துண்டு கம்பி. சிவப்பு ப்ரோபை அந்தத் துளையிலேயே விட்டுவிட்டு, அடுத்த வேலையாக வோல்ட் பார்க்க இரண்டு ஃபேஸுக்குக் குறுக்கே ப்ரோபை வைப்பவர் நேரடியாக ஷார்ட் கொடுக்கிறார். மீட்டரால் வரும் விபத்துகளில் அடிக்கடி நடப்பது இதுதான். டயலை வோல்ட்டுக்குத் திருப்பியிருந்தாலும் காப்பாற்றாது. ப்ரோப் எந்தத் துளையில் இருக்கிறது என்பதே முடிவு செய்யும்.

நல்ல மீட்டரில் அந்தப் பாதையில் 1000 வோல்ட் தாங்கும், மணல் நிரப்பிய ஹெச்.ஆர்.சி. (பெரிய ஷார்ட் மின்னோட்டத்தையும் துண்டிக்கும்) ஃபியூஸ் இருக்கும். ஷார்ட் ஆகும்போது ஆர்க்கை அந்த மணல் விழுங்கிக்கொள்ளும். விலை அதிகம் என்று 250 வோல்ட் கண்ணாடி ஃபியூஸையோ ஒற்றைச் செம்புக் கம்பியையோ போட்டு மீட்டரை 'சரிசெய்து' கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்படிப்பட்ட மீட்டர் கைக்குள்ளேயே வெடிக்கும். பயன்படுத்திய மீட்டரை வாங்கினால் முதல் வேலையாகப் பின்மூடியைக் கழற்றி ஃபியூஸின் மேல் அச்சிட்ட வோல்ட்டையும் கே.ஏ. (கிலோ ஆம்பியரில் துண்டிக்கும் திறன்) அளவையும் படியுங்கள்.

சீரிஸில் போட வயரைக் கழற்ற வேண்டும் என்பது இன்னொரு பிரச்சினை. வயரைக் கழற்றாமல், சுற்றிலும் உள்ள காந்தப்புலத்தைக் கொண்டே ஆம்பியரை அறியும் கருவிகள் இருக்கின்றன. அவை கையில் இருக்கும்போது ஓடும் சுற்றை அறுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

டாங் டெஸ்டரை எப்படிப் பிடிப்பது? சில சமயம் பூஜ்யம் காட்டுகிறதே?

டாங் டெஸ்டர் என்பது தாடைபோலத் திறந்து வயரைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் மீட்டர்தான். அதன் வாய்க்குள் ஒரே ஒரு வயர்தான் போக வேண்டும். மூன்று ஃபேஸையும் சேர்த்துப் பிடித்தால், அல்லது ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தால், போவதும் வருவதும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு பூஜ்யம் வரும். ஆர்மர்டு கேபிளை முழுசாகப் பிடித்தாலும் இதே கதைதான்.

வயர் வாயின் நடுவில் இருக்கட்டும். இரண்டு தாடைகளும் சத்தத்தோடு முழுசாக மூட வேண்டும். தாடை சேரும் முகத்தில் கிரீஸ், பஞ்சு, துரு இருந்தால் சிறு இடைவெளி விழுந்து ரீடிங் குறையும். துணியால் துடைத்தாலே போதும். பக்கத்து ஃபேஸ் வயர் தாடையை ஒட்டி ஓடினால் அதன் புலமும் கொஞ்சம் கலக்கும், அதனால் நகர்த்த முடிந்த அளவு தள்ளிப் பிடியுங்கள்.

மின்னோட்டம் மிகக் குறைவு, 600 ஆம்பியர் கிளாம்ப்பில் 0.4 என்று நடுங்குகிறதா? சப்ளையை நிறுத்தி, நெகிழ்வான வயரைத் தாடையில் 10 சுற்றுச் சுற்றி அளந்து, ரீடிங்கைப் பத்தால் வகுங்கள்.

தாடைக்குக் கீழே கைப்பிடியில் ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். அழகுக்காக வைத்ததல்ல அது. விரல் அதற்கு மேலே போகக் கூடாது என்பதற்கான எல்லை.

கிளாம்ப் 0 ஆம்பியர் காட்டினால் லைன் செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்தத் தவறு உயிரை எடுக்கும். மோட்டார் நின்றிருந்தாலும் மின்னோட்டம் பூஜ்யம்தான், வயரில் 415 வோல்ட் அப்படியே நிற்கும். கிளாம்ப்புக்குத் தெரிவது ஓட்டம் மட்டும். மின்னழுத்தம் இருப்பதை அது சொல்லாது.

லைன் செத்ததா என்பதை வோல்ட்டேஜ் டெஸ்டரால் மூன்று படியாகப் பாருங்கள். சார்ஜில் உள்ள இன்னொரு இடத்தில் தொட்டு டெஸ்டர் வேலை செய்கிறதா என்று முதலில் சோதியுங்கள். பிறகு உங்கள் வயரை ஃபேஸுக்கு ஃபேஸும் ஃபேஸுக்கு எர்த்தும் பாருங்கள். முடித்ததும் மறுபடி அந்தச் சார்ஜ் உள்ள இடத்துக்குப் போய் டெஸ்டர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் டெஸ்டரின் பேட்டரி தீர்ந்துபோயிருந்தால் கடைசிப் படிதான் காட்டிக்கொடுக்கும். அதன் பிறகு பூட்டும் டேக்கும் போட்டுவிட்டுக் கை வையுங்கள்.

மீட்டரில் கேட்-3, கேட்-4 என்று போட்டிருக்கிறது. 600 வோல்ட் எழுதியிருந்தால் போதாதா?

போதாது. வோல்ட் எண் சாதாரண நேரத்துக்கானது. கேட் எண் மின்னலோ, பெரிய மோட்டார் நிற்பதோ, கெப்பாசிட்டர் பேங்க் ஸ்விட்ச் ஆவதோ கிளப்பிவிடும் கண நேர அழுத்தத்துக்கானது. ஐ.இ.சி. 61010 என்ற சர்வதேசத் தரத்தின் கணக்கில் 600 வோல்ட் கேட்-2 மீட்டர் 12 ஓம் மூலத்திலிருந்து வரும் 4,000 வோல்ட் துடிப்பைத் தாங்கினால் போதும். 600 வோல்ட் கேட்-3 மீட்டரோ 2 ஓம் மூலத்திலிருந்து வரும் 6,000 வோல்ட்டைத் தாங்கியாக வேண்டும். முதலாவதில் துடிப்பின் மின்னோட்டம் சுமார் 333 ஆம்பியர், இரண்டாவதில் 3,000. பெயரில் ஒரு படி உயர்ந்தால் தாங்க வேண்டிய அடி ஒன்பது மடங்கு ஆகிறது.

மோட்டார் ஸ்டார்டர், டிஸ்ட்ரிபியூஷன் பேனல் ஆகியவற்றுக்குக் கேட்-3 600 வோல்ட். மின்வாரிய சர்வீஸ் உள்ளே வரும் இடம், டிரான்ஸ்பார்மர் எல்.டி. (குறைந்த அழுத்தப்) பக்கம் என்றால் கேட்-4 600 வோல்ட். ப்ரோப் வயருக்கும் இதே கேட் எண் இருக்க வேண்டும். கேட்-4 மீட்டரில் முப்பது ரூபாய் ப்ரோப் சொருகினால் மொத்தமும் முப்பது ரூபாய் பாதுகாப்புதான்.

ஒரே வயரில் இரண்டு கிளாம்ப் மீட்டர் வேறு வேறு ஆம்பியர் காட்டுகின்றன. எதை நம்புவது?

ட்ரூ ஆர்.எம்.எஸ். (அலை எந்த வடிவில் இருந்தாலும் உண்மை மதிப்பைக் காட்டுவது) என்று எழுதியிருப்பதை நம்புங்கள். அப்படி எழுதாத மீட்டர் சராசரியை அளந்து, சைன் அலை என்று வைத்துக்கொண்டு 1.11 ஆல் பெருக்கிக் காட்டும். எல்.இ.டி. விளக்கு, யு.பி.எஸ்., வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும்) டிரைவ் எல்லாம் மின்னோட்டத்தை முனைமுனையாக இழுப்பவை. அங்கே சராசரி மீட்டர் 40 சதவீதம் வரை குறைத்துக் காட்டும். உண்மையில் 50 ஆம்பியர் ஓடும் கேபிளில் 30 என்று படித்துவிட்டு, கேபிள் ஏன் சுடுகிறது என்று தேடிக்கொண்டிருப்போம்.

ஸ்டார்-டெல்டா மோட்டாரில் நேம் பிளேட் 28 ஆம்பியர். என் கிளாம்ப்போ 16 தான் காட்டுகிறது. லோடு குறைவா?

ஸ்டார்-டெல்டா என்றால் வைண்டிங்கை ஸ்டாராக இணைத்து ஸ்டார்ட் செய்து, ஓடியதும் டெல்டாவுக்கு மாற்றுவது. எந்த வயரைப் பிடித்தீர்கள் என்று பாருங்கள். மோட்டாருக்குப் போகும் ஆறு வயர்களில் ஒன்றைப் பிடித்தால், டெல்டாவில் அது வைண்டிங் மின்னோட்டம். லைன் மின்னோட்டத்தில் 0.58 பங்கு. 28 ஐ 0.58 ஆல் பெருக்கினால் 16.2. அதாவது மோட்டார் முழு லோடில் ஓடுகிறது! லைன் மின்னோட்டம் வேண்டுமானால் ஸ்டார்டருக்குள் வரும் மூன்று வயர்களில் பிடிக்க வேண்டும்.

இந்தக் குழப்பம் அளவோடு நின்றால் பரவாயில்லை. பெரும்பாலான ஸ்டார்-டெல்டா ஸ்டார்டர்களில் ஓவர்லோடு ரிலே வைண்டிங் பாதையில்தான் உட்கார்ந்திருக்கும். அதை 16 இல் வைக்க வேண்டும். நேம் பிளேட்டைப் பார்த்து 28 இல் திருகி வைத்தால் ரிலே இருந்தும் இல்லாத மாதிரிதான், வைண்டிங் கருகிய பிறகும் ட்ரிப் ஆகாது. மோட்டார் எரிந்து ரீவைண்டிங்குக்குப் போகும்போது முதலில் இந்த டயலைப் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆகும் நேரத்து ஆம்பியரை எப்படிப் பிடிப்பது?

இன்ரஷ் பொத்தான் உள்ள மீட்டர் வேண்டும். பொத்தானை அழுத்திவிட்டு, பிறகு மோட்டாரை ஸ்டார்ட் செய்யுங்கள். மின்னோட்டம் எழுந்த கணத்திலிருந்து சுமார் 100 மில்லி நொடிக்குள் இருப்பதை அது பிடித்துவைக்கும். சாதாரண மேக்ஸ் பொத்தான் திரை புதுப்பிக்கும் வேகத்தில்தான் பார்க்கும், உச்சியைத் தவறவிடும். டி.ஓ.எல். (நேரடியாக முழு வோல்ட்டும் கொடுக்கும்) ஸ்டார்டரில் முழு லோடைப்போல 6 முதல் 7 மடங்கு வருவது இயல்பு. 10 குதிரைத்திறன் மோட்டாரில் 14 ஆம்பியர் என்றால் 85 முதல் 100 வரை. ஸ்டார்-டெல்டாவில் லைனில் இதில் மூன்றில் ஒரு பங்கு. மோட்டார் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் பேனல் கதவு மூடியிருக்கட்டும், முகம் அதற்கு நேரே வேண்டாம்.

சி.டி.யின் செகண்டரியை ஓப்பன் செய்யவே கூடாது என்கிறார்கள். ஃபியூஸ்கூடப் போடக் கூடாதாமே. ஏன்?

சி.டி. (கரண்ட் டிரான்ஸ்பார்மர்) என்பது கேபிளில் ஓடும் பெரிய மின்னோட்டத்தை மீட்டருக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுப்பது. பிரைமரி கேபிள் பக்கம், செகண்டரி மீட்டர் பக்கம். மற்ற டிரான்ஸ்பார்மர்களில் ஓப்பன் செய்வது பத்திரம், ஷார்ட் செய்வது ஆபத்து. சி.டி.யில் அப்படியே தலைகீழ். காரணம் புரிந்துவிட்டால் மறக்காது.

200/5 சி.டி.யின் நடுவே போகும் கேபிளில் 200 ஆம்பியர் ஓடுகிறது என்றால், அதை முடிவு செய்வது வெளியே இருக்கும் லோடு. சி.டி.யால் அதைக் குறைக்க முடியாது. செகண்டரி மூடியிருக்கும்போது அதில் ஓடும் 5 ஆம்பியர், 40 சுற்றுகளில், பிரைமரி உண்டாக்கும் காந்தப்புலத்தை ஏறக்குறைய முழுசாக எதிர்த்து அழித்துவிடுகிறது. கோரில் மிஞ்சுவது துளி ஃப்ளக்ஸ், செகண்டரி முனைகளில் ஒன்றிரண்டு வோல்ட்.

இப்போது ஒரு டெர்மினலைக் கழற்றுங்கள். எதிர்க்கும் 5 ஆம்பியர் போய்விட்டது. 200 ஆம்பியர் முழுவதும் கோரைக் காந்தமாக்கும் வேலையில் இறங்குகிறது. கோர் ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் ஒரு பக்கம் நிரம்பி, மறுபக்கத்துக்கு வெட்டெனத் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் செகண்டரியில் ஊசிபோன்ற அழுத்தம் கிளம்பும். சிறிய சி.டி.யில் நூற்றுக்கணக்கில், பெரிய சி.டி.யில் ஆயிரக்கணக்கில் வோல்ட். கழற்றிய வயர் நுனியில் தீப்பொறி, உள்ளே இன்சுலேஷன் ஓட்டை, கோர் சூடாகி உறுமல். தொட்டவருக்கு மரணம்கூட நேரலாம். உயிர் தப்பிய சி.டி.யிலும் கோரில் காந்தம் தங்கிவிடும், அதன்பின் அது காட்டும் அளவு தவறும்.

ஃபியூஸ் உருகினால் ஓப்பன். தளர்ந்த ஸ்க்ரூ என்றால் ஓப்பன். பேனலில் சி.டி. டெர்மினலில் மட்டும் ஊசி லக் (வயர் நுனியில் பொருத்தும் உலோக முனை) வேண்டாம், ரிங் லக் போடச் சொல்வது இதனால்தான். ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்தாலும் ரிங் வெளியே வராது.

பேனலில் ஆம்மீட்டர் போய்விட்டது. மில்லை நிறுத்தாமல் மாற்றலாமா?

நிறுத்தி மாற்றுவதே சரி. ஷிஃப்ட் மாறும் இடைவெளிக்குக் காத்திருங்கள். உண்மையிலேயே நிறுத்த முடியாத இடம், ஷார்ட்டிங் லிங்க் உள்ள டெஸ்ட் டெர்மினல் பிளாக்கும் இருக்கிறது என்றால் மட்டும் இந்த வரிசை.

சி.டி. செகண்டரியின் எஸ்1, எஸ்2 முனைகள் இரண்டையும் லிங்க்கால் ஷார்ட் செய்து ஸ்க்ரூவை இறுக்குங்கள். லிங்க் பிடித்ததா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிறிய கிளாம்ப் மீட்டரை லிங்க்குக்கும் ஆம்மீட்டருக்கும் நடுவே உள்ள வயரில் பிடியுங்கள், பூஜ்யத்தை ஒட்டி விழ வேண்டும். லிங்க்குக்கும் சி.டி.க்கும் நடுவே பிடித்தால் பழைய ஆம்பியர் தொடர வேண்டும். இரண்டும் சரியாக வந்த பிறகே ஆம்மீட்டர் வயரைத் தொடுங்கள். புது மீட்டரைப் பொருத்தி, இறுக்கி, கடைசியில் லிங்க்கைத் திறக்கும்போது கிளாம்ப் மீண்டும் வயரில் இருக்கட்டும். தீப்பொறி தெரிந்தாலோ உறுமல் கேட்டாலோ உடனே லிங்க்கை மூடுங்கள்.

முதலைக் கிளிப், மெல்லிய கம்பி, முறுக்கிவிட்ட நுனி எதுவும் ஷார்ட்டிங்குக்கு ஆகாது. மின்வாரிய முத்திரை உள்ள மீட்டரிங் சி.டி. பக்கம் கையே போகக் கூடாது.

சி.டி. வாங்கும்போது எதைச் சொல்லிக் கேட்பது?

விகிதம், செகண்டரி ஆம்பியர், கிளாஸ் (துல்லிய வகுப்பு), பர்டன் வி.ஏ. (செகண்டரி தாங்கும் சுமை), உள் விட்டம். லோடு 120 ஆம்பியர் என்றால் 150/5 அல்லது 200/5. பின்னால் லோடு கூடும் என்று 800/5 போட்டால் மீட்டர் எப்போதும் அளவுகோலின் அடியிலேயே ஊசலாடும், சி.டி.யின் பிழையும் அங்கேதான் அதிகம். மீட்டருக்குக் கிளாஸ் 0.5 அல்லது 1, பாதுகாப்பு ரிலேக்கு 5பி10 போன்றது. மீட்டரிங் சி.டி.யை ரிலேக்குப் போட்டால் ஷார்ட் நேரத்தில் சி.டி. நிரம்பிப்போய் ரிலேக்கு உண்மை தெரியாமலே போகும். இந்தியத் தரம் ஐ.எஸ். 16227.

பர்டனைத்தான் எல்லோரும் மறக்கிறோம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் ரெசிஸ்டன்ஸ் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.0074 ஓம். சி.டி.யிலிருந்து மீட்டர் 10 மீட்டர் தள்ளி என்றால் போக, வர 20 மீட்டர், 0.148 ஓம். 5 ஆம்பியரின் வர்க்கம் 25, பெருக்கினால் 3.7 வி.ஏ. வயருக்கே போகிறது. 5 வி.ஏ. சி.டி.யில் மீட்டருக்கு மிச்சம் 1.3. அதே தூரத்துக்கு 1 ஆம்பியர் செகண்டரி என்றால் வயர் தின்பது 0.15 வி.ஏ. மட்டும். தூரம் அதிகமானால் 1 ஆம்பியர் சி.டி. வாங்குங்கள்.

சி.டி.யில் பி1 என்று குறித்த பக்கம் சப்ளையை நோக்கி இருக்கட்டும். ஒரே ஒரு சி.டி. திரும்பிவிட்டால் சமமான லோடில் எனர்ஜி மீட்டர் மூன்றில் ஒரு பங்குதான் ஓடும். செகண்டரியின் ஒரு முனையை, ஒரே ஒரு இடத்தில், எர்த் செய்ய வேண்டும். பொருத்தியதும் பிரைமரி கேபிளிலும் செகண்டரி வயரிலும் கிளாம்ப் பிடித்து விகிதத்தைச் சரிபாருங்கள். 200/5 இல் பிரைமரி 60 என்றால் செகண்டரி 1.5 காட்ட வேண்டும்.

பஸ்பார் அகலமாக இருக்கிறது. தாடை நுழையவில்லை.

ரோகோவ்ஸ்கி காயில் வாங்குங்கள். பெல்ட் மாதிரி வளைந்து சுற்றிக்கொள்ளும். 1912 இல் ஜெர்மானிய இயற்பியலாளர் வால்டர் ரோகோவ்ஸ்கி விளக்கிய முறை. உள்ளே இரும்புக் கோர் இல்லாததால் எத்தனை ஆயிரம் ஆம்பியரிலும் நிரம்பாது, சி.டி. போல ஓப்பன் ஆனால் அழுத்தம் எழும் ஆபத்தும் இல்லை. டி.சி.யை மட்டும் அதனால் அளக்க முடியாது. பூட்டும் முனை பஸ்பாரை ஒட்டி இல்லாமல் தள்ளி நிற்கட்டும், பிழை அங்கேதான் அதிகம்.

ஆனால் வெற்றுப் பஸ்பாரில் சார்ஜில் சுற்றுவதா? காயிலின் மேல் போட்டிருக்கும் குறியைப் படியுங்கள். பல காயில்களில் இன்சுலேஷன் இல்லாத சார்ஜ் கடத்தியில் மாட்டவோ கழற்றவோ கூடாது என்ற தடைக்குறி இருக்கும். அப்படி இருந்தால் சப்ளையை நிறுத்தி மாட்டி, மூடி, பிறகு சார்ஜ் கொடுத்து வெளியிலிருந்து படிக்க வேண்டும்.

வி.எஃப்.டி.யில் உள்ளே 9 ஆம்பியர், வெளியே 14. எங்கிருந்து கூடுதலாக வருகிறது?

எங்கிருந்தும் வரவில்லை. வேகம் பாதியாக ஓடும்போது மோட்டாருக்குப் போகும் வோல்ட்டேஜும் ஏறக்குறைய பாதிதான். பவர் குறைவு, ஆம்பியர் மட்டும் டார்க்குக்கு ஏற்ப நிற்கிறது. மோட்டாரின் காந்தமாக்கும் மின்னோட்டமும் டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவேதான் சுழல்கிறது. வெளிப்பக்கம் அளக்க லோ-பாஸ் ஃபில்டர் (அதிவேகத் துடிப்புகளை வடிகட்டுவது) உள்ள மீட்டரைப் பயன்படுத்துங்கள். ஃபிரீக்வென்சி மிகவும் இறங்கினால் இரும்புக் கோர் கிளாம்ப்பை நம்ப முடியாது. டிரைவின் திரையில் தெரியும் ஆம்பியரே மேல்.

பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர் நன்றாக இருக்கிறதா என்று ஆம்பியரில் தெரியுமா?

நன்றாகவே தெரியும். 440 வோல்ட்டுக்கான 10 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் 415 வோல்ட்டில் ஃபேஸுக்குச் சுமார் 12.4 ஆம்பியர் எடுக்க வேண்டும். ஒரு ஃபேஸில் குறைந்தால் உள்ளே செல் போயிருக்கிறது. 440 வோல்ட்டுக்கான 13.1 ஆம்பியரைப்போல 1.3 மடங்கைத் தாண்டினால் ஹார்மோனிக்ஸ் (50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் வரும் மின்னோட்டம்) பாய்கிறது, கெப்பாசிட்டர் வீங்கும் முன் பேங்க்கை நிறுத்துங்கள். நிறுத்தியதும் டெர்மினலைத் தொடாதீர்கள். குறைந்தது 5 நிமிடம் காத்திருந்து, டி.சி. வோல்ட்டில் அளந்து பாருங்கள். டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் அறுந்திருந்தால் நாள் கணக்கில்கூட சார்ஜ் நிற்கும்.

சோலார், பேட்டரி டி.சி. ஆம்பியருக்கு என்ன செய்வது?

ஏ.சி. மட்டும் அளக்கும் கிளாம்ப் இங்கே பூஜ்யம்தான் காட்டும். ஹால் சென்சார் (மாறாத காந்தப்புலத்தையும் உணர்வது) உள்ள ஏ.சி./டி.சி. கிளாம்ப் வேண்டும். ஒவ்வொரு முறையும் வயரைப் பிடிக்கும் முன், அளக்கப்போகும் இடத்திலேயே, அதே திசையில் வைத்து ஸீரோ பொத்தானை அழுத்துங்கள். கோரில் தங்கிய காந்தம் ஒன்றிரண்டு ஆம்பியர் பொய் சொல்லும்.

சோலார் ஸ்ட்ரிங்கில் (வரிசையாக இணைத்த பேனல்கள்) 600 முதல் 1,000 வோல்ட் டி.சி. நிற்கும். ஏ.சி.யில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் ஆர்க் தானாக அணைய வாய்ப்பு உண்டு. டி.சி.யில் அந்த வாய்ப்பே இல்லை. லோடில் எம்.சி.4 (சோலார் கேபிள்) கனெக்டரை இழுத்தால் ஆர்க் நீண்டுகொண்டே வரும். கேபிளின் மேலேயே கிளாம்ப் பிடியுங்கள், எதையும் கழற்றாதீர்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் இன்வர்ட்டரையும் டி.சி. ஐசொலேட்டரையும் நிறுத்தி, கிளாம்ப் பூஜ்யம் காட்டுவதைப் பார்த்த பிறகு.

நிரந்தர ஆம்மீட்டருக்கு ஷன்ட். 500 ஆம்பியர், 75 மில்லிவோல்ட் ஷன்ட்டின் ரெசிஸ்டன்ஸ் 0.00015 ஓம். முழு ஆம்பியரில் 37.5 வாட் சூடாக்கும், அதனால் தொடர்ந்து ஓடுவது மூன்றில் இரண்டு பங்குக்குள் இருக்கட்டும், காற்றும் படட்டும். பெரிய போல்ட்டுகள் மின்னோட்டத்துக்கு, சிறிய ஸ்க்ரூக்கள் மீட்டருக்கு. மீட்டர் வயரைப் பெரிய போல்ட்டில் கட்டினால் அந்த இணைப்பின் ரெசிஸ்டன்ஸும் சேர்ந்து ரீடிங் ஏறும். மீட்டருக்குப் போகும் இந்தச் சென்ஸ் வயர் மெல்லியது, பின்னால் இருப்பதோ பேட்டரி வங்கி. ஷன்ட்டை ஒட்டியே அந்த வயர்களுக்குச் சிறிய ஃபியூஸ் போடுங்கள்.

கையுறை, மேட் எல்லாம் எந்த அளவு?

415 வோல்ட்டுக்கு கிளாஸ் 0 ரப்பர் கையுறை, 1,000 வோல்ட் ஏ.சி. வரை. அதன் மேல் தோல் கையுறை. போடும் முன் மணிக்கட்டுப் பக்கத்தைச் சுருட்டிக் காற்றடைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள், ஓட்டை இருந்தால் தெரியும். காலடியில் ஐ.எஸ். 15652 மேட். மோதிரம், காப்பு, சங்கிலி, கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள். பாலியஸ்டர் சட்டை ஆர்க்கில் உருகித் தோலில் ஒட்டும், பருத்தி மேல். இந்த ரப்பர் கையுறை ஷாக்குக்கு மட்டும். ஆர்க்குக்கு முகக் கவசமும் ஆர்க் உடையும் தனி.

11 கிலோவோல்ட் கேபிளில் கிளாம்ப் பிடிக்கலாமா? இன்சுலேஷன் இருக்கிறதே?

கூடாது. கையில் பிடிக்கும் மீட்டர் 600 அல்லது 1,000 வோல்ட்டுக்கானது. ஹெச்.டி. (உயர் அழுத்தப்) பக்கம் நிலையான சி.டி., பி.டி. (வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர்) வழியாக வரும் செகண்டரியைத்தான் படிக்க வேண்டும்.

மூன்று ஃபேஸும் 14, 15, 18 என்று வருகிறது. மோட்டார் கோளாறா, சப்ளை கோளாறா?

சராசரி 15.7. அதிலிருந்து அதிக விலகல் 2.3. வகுத்தால் 15 சதவீத ஏற்றத்தாழ்வு. 10 ஐத் தாண்டினாலே தேட வேண்டும். முதலில் வோல்ட்டேஜைப் பாருங்கள். வோல்ட்டேஜில் 1 சதவீத வித்தியாசமே ஆம்பியரில் 6 முதல் 10 சதவீதம் வரை இழுத்துவிடும்.

வோல்ட்டேஜ் சமமாகத்தான் இருக்கிறது என்றால், சப்ளையை நிறுத்தி, பூட்டி, செத்ததை உறுதிசெய்து, மோட்டாரின் மூன்று வயர்களையும் ஒரு படி நகர்த்துங்கள். ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களில் ஆர் இல் இருந்ததை ஒய்க்கு, ஒய்யில் இருந்ததை பிக்கு, பியில் இருந்ததை ஆருக்கு. மூன்றும் சேர்ந்து நகர்வதால் சுற்றும் திசை மாறாது. மறுபடி ஓட்டி அளங்கள். அந்த 18 அதே மோட்டார் வயரோடு சேர்ந்து நகர்ந்தால் வைண்டிங்கைப் பாருங்கள். 18 பழைய ஃபேஸிலேயே நின்றால் ஸ்டார்டரின் காண்டாக்ட், ஃபியூஸ் பிடிப்பு, கேபிள் லக் என்று மின்வாரிய மீட்டரை நோக்கிப் பின்னாலேயே தேடிக்கொண்டு போங்கள். ஒரு ஃபேஸுக்கு இரண்டு கேபிள் இணையாகப் போட்டிருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். ஒன்றில் 60, மற்றதில் 20 என்றால் அந்த 20 ஓடும் கேபிளின் லக்தான் தளர்ந்திருக்கிறது.